ஒரு போட்டோவை வைத்துப் பள்ளிக் கணக்கு சொல்லிக்கொடுப்பது எப்படி: கட்டத்தாளில் தொடங்கிச் சார்பு வரை

போனில் ஒரு போட்டோவைத் திறந்து பிரைட்னஸ் கோட்டை இழுத்துப் பார்க்காத மாணவர் இன்று அநேகமாக இல்லை. அந்த இழுப்புக்குப் பின்னால் இருப்பது, மிக எளிய வடிவில் சொன்னால், கூட்டல். கான்ட்ராஸ்ட் என்றால் பெருக்கல். படத்தைத் திருப்பினால் ஆயத்தொலை வடிவியல், மங்கலாக்கினால் சராசரி, கலர் படத்தைக் கருப்பு வெள்ளை ஆக்கினால் நிறையிட்ட சராசரி. "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று வகுப்பில் கேள்வி வரும் பாடங்களில் பலவும் அந்த ஒரு ஆப்புக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கின்றன.

6-ஆம் வகுப்பிலிருந்து 11-ஆம் வகுப்பு வரை கணக்கு எடுப்பவர்களையும், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பெற்றோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எல்லாப் படிகளும் எல்லா வகுப்புக்கும் பொருந்தாது, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டர் படத்தை மாற்றிக் காட்டுவதற்கு முன்னால், மாணவர் தாளில் நாலைந்து பிக்சலையாவது (படத்தை உருவாக்கும் சின்னச் சின்னக் கட்டங்களில் ஒவ்வொன்றும் ஒரு பிக்சல்) கணக்குப் போட்டு, படம் எப்படி மாறப்போகிறது என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஃபில்டர் பட்டனை அழுத்தி ஆச்சரியப்படுவதோடு வகுப்பு முடிந்தால் அங்கே கணக்கு நடக்கவே இல்லை. தான் சொன்னது பலித்ததா என்று பார்க்கும் ஆவல்தான் பிள்ளையை அடுத்த கணக்குக்கு இழுத்துப்போகும்.

தேவைப்படும் பொருட்கள்

கட்டத்தாள், பென்சில், ஏதாவது ஒரு ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருள், நோட்பேட் மாதிரி ஒரு சாதாரண எழுத்துத் திருத்தி, ஜிம்ப் என்ற இலவசப் பட மென்பொருள். கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றாலும் போதும், முக்கால்வாசி வேலை தாளில்தான் நடக்கப்போகிறது. புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. தெரிந்தால் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 1: படம் என்பது எண்களின் அட்டவணை

முதல் வகுப்பில் திரையே வேண்டாம். 5 நிரை, 5 நிரல் உள்ள கட்டத்தில் "ட" என்ற எழுத்தை எழுதச் சொல்லுங்கள். கருப்படித்த கட்டத்துக்கு 1, வெற்றுக் கட்டத்துக்கு 0.

1 0 0 0 0
1 0 0 0 0
1 0 0 0 0
1 0 0 0 0
1 1 1 1 1

இப்போது ஒரு மாணவர் இந்த எண்களை மட்டும் வாசிக்க, அவர் தாளைப் பார்க்காத இன்னொருவர் படத்தை வரைய வேண்டும். இந்த விளையாட்டை அவசரப்படாமல் விளையாட விடுங்கள். எந்த ஓரத்திலிருந்து தொடங்குவது, நிரையாகவா நிரலாகவா, மொத்தம் எத்தனை நிரை என்று முன்கூட்டியே சொல்லவில்லை என்றால் படம் குலைந்துபோகும். இந்த மூன்றையும் அவர்களே கண்டுபிடித்துவிட்டால், கோப்பின் தலைப்பில் அகலமும் உயரமும் ஏன் எழுதப்படுகின்றன என்பது தனியாக விளக்காமலே புரிந்துவிடும்.

அப்புறம் அதே கட்டத்தில் "ப" எழுதச் சொல்லுங்கள். முதல் நான்கு நிரைகள் 1 0 0 0 1, கடைசி நிரை முழுக்க 1. கணங்கள் பாடத்துக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. "ட"-வில் 9 கருப்புக் கட்டங்கள், "ப"-வில் 13. "ட"-வின் ஒவ்வொரு கட்டமும் "ப"-விலும் இருக்கிறது, ஆகவே "ட" ஓர் உட்கணம். சேர்ப்பு எடுத்தால் "ப", வெட்டு எடுத்தால் "ட", வித்தியாசம் எடுத்தால் வலது பக்கத்து 4 கட்டங்கள். வட்டங்களை வரைந்து கோடு போட்டு நிரப்புவதைவிட இங்கே எண்ணிப் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது.

இதே எண்களை உண்மையான படமாகவும் ஆக்கிவிடலாம். நோட்பேடில் முதல் வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்து பி, அதை ஒட்டி 1 என்ற எண். அடுத்த வரியில் 5 5, அதாவது அகலமும் உயரமும். அதற்குக் கீழே நம் அட்டவணை. கோப்பின் பெயருக்குப் பின் ஒரு புள்ளி வைத்து பிபிஎம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துச் சேமித்து, ஜிம்ப்பில் திறந்து, நன்றாகப் பெரிதாக்குங்கள். தான் தட்டச்சு செய்த எண்கள் எழுத்தாக எழுந்து நிற்பதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்களே பாருங்கள்.

சொல்லவேண்டிய ஒரு வரலாறு உண்டு. 1957-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அமைப்பில் வேலை பார்த்த ரசல் கிர்ஷும் அவர் குழுவும் முதன்முதலாக ஒரு போட்டோவை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார்கள். படத்தில் இருந்தது அவருடைய கைக்குழந்தை. அளவு 176 × 176 பிக்சல். மொத்தம் எத்தனை என்று மாணவர்களையே பெருக்கச் சொல்லுங்கள்: 30,976. பிறகு 4000 × 3000 அளவுள்ள ஒரு போன் போட்டோவின் 1 கோடியே 20 லட்சம் பிக்சலோடு ஒப்பிட்டால், விகிதம், தோராயமாக்கல் இரண்டுக்கும் கணக்கு கிடைத்துவிடும்.

படி 2: 0-விலிருந்து 255 வரை

கருப்பு, வெள்ளை இரண்டு மட்டும் போதாது, நடுவில் சாம்பல் நிறங்கள் வேண்டும். ஒரு பிக்சலுக்கு 8 பிட், அதாவது 0 அல்லது 1 எழுதும் எட்டு இடங்கள், ஒதுக்கினால் 2-இன் 8-ஆம் அடுக்கு, 256 நிலைகள். 0-விலிருந்து எண்ணுவதால் கடைசி எண் 255. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 8 பிட் என்றால் அடுக்குகளைக் கூட்டி 2-இன் 24-ஆம் அடுக்கு, அதாவது 1,67,77,216 நிறங்கள். அடுக்குக்குறி விதிகளை இங்கேயே முடித்துவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. மேலே செய்த படத்தில் 1 என்றால் கருப்பு. சாம்பல் படத்தில் 0 என்றால் கருப்பு, 255 வெள்ளை. மாணவர்கள் இங்கே கட்டாயம் குழம்புவார்கள், அதனால் மாறும் இடத்தில் நிறுத்திச் சொல்லிவிடுங்கள்.

இனி ஸ்ப்ரெட்ஷீட்டுக்குப் போகலாம். செல்களைச் சதுரமாக்கி எண்களை இட்டு, கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் கலர் ஸ்கேலைத் தேர்ந்தெடுத்தால் எண்ணுக்கு ஏற்ற சாம்பல் நிறம் செல்லில் வந்துவிடும். இங்கே கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: கீழ் எல்லை 0, மேல் எல்லை 255 என்று நீங்களே எண்ணாகக் கொடுக்க வேண்டும். சும்மா விட்டால் மென்பொருள் அட்டவணையில் உள்ள மிகச் சிறிய எண்ணைக் கருப்பாகவும் மிகப் பெரிய எண்ணை வெள்ளையாகவும் எடுத்துக்கொள்ளும். அப்போது எல்லாச் செல்லிலும் 60 கூட்டினாலும் படம் துளிகூட மாறாது, வகுப்பே குழம்பி நிற்கும்.

படி 3: பிரைட்னஸும் கான்ட்ராஸ்ட்டும்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும் என்பது என் கருத்து. சார்பு என்றால் ஓர் எண்ணை உள்ளே போட்டால் ஓர் எண் வெளியே வரும் என்று ஆண்டாண்டாகச் சொல்கிறோம். இங்கே அது கண்ணுக்கே தெரிகிறது.

முதலில் நெகட்டிவ். புதிய எண் = 255 − பழைய எண். 0 கொடுத்தால் 255, 200 கொடுத்தால் 55. இரண்டு முறை செய்தால் பழைய படம் திரும்ப வருகிறது, ஆகவே இந்தச் சார்பு தனக்குத் தானே நேர்மாறு. நெகட்டிவ் எடுத்தும் மாறாத பிக்சல் ஏதாவது உண்டா என்று கேளுங்கள். சமன்பாட்டைத் தீர்த்தால் 127.5 வரும். பிக்சல் முழு எண்ணாகத்தான் இருக்க முடியும் என்பதால், அப்படி ஒரு பிக்சல் கிடையாது. தீர்வு இருந்தும் விடை இல்லாத நிலைமையை மாணவர்கள் பாடப்புத்தகத்தில் அபூர்வமாகத்தான் சந்திக்கிறார்கள்.

அடுத்தது கூட்டல். எல்லாப் பிக்சலிலும் 60 கூட்டுங்கள். 100 என்பது 160 ஆகும், சரி. 220 என்ன ஆகும்? 280 என்ற எண்ணுக்கு இடமில்லை. பெரும்பாலான மென்பொருள்கள் 255-லேயே நிறுத்திவிடும். இப்போது 60-ஐக் கழித்துப் பழைய படத்தை மீட்கச் சொல்லுங்கள். 220 இருந்த இடத்தில் 195 வருகிறது. 200 இருந்த இடத்திலும் 195. 250 இருந்த இடத்திலும் அதே 195. வெவ்வேறு எண்கள் ஒரே எண்ணில் போய் விழுந்துவிட்டன, எது எங்கிருந்து வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒன்றுக்கொன்று அல்லாத சார்புக்கு நேர்மாறு இல்லை என்ற தேற்றம் இதுதான். அளவுக்கு மீறி வெளிச்சம் பட்டு வெளுத்துப்போன போட்டோவில், வெளுத்த இடத்தை எந்த ஆப்பாலும் அப்படியே மீட்டுத்தர முடியாததற்கும் இதே காரணம்தான். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாமல், மீட்கச் சொல்லிவிட்டு, அவர்கள் மாட்டிக்கொண்டு விழிக்கும் நேரத்தில் தேற்றத்தைக் கொண்டுவாருங்கள்.

சில புரோகிராம்களில் 255-இல் நிறுத்தாமல் 256-ஐக் கழித்துவிடுவார்கள். 280 என்பது 24 ஆகிவிடும், வெளிச்சமான இடம் திடீரென்று கருப்பாகும். பத்து மணிக்குப் பிறகு ஐந்து மணி நேரம் கடந்தால் மூன்று மணி என்று கடிகாரம் காட்டுகிற அதே மட்டு எண்கணிதம்.

கான்ட்ராஸ்ட்டுக்கு வருவோம். புதிய எண் = 2 × (பழைய எண் − 128) + 128. சுருக்கினால் 2 × பழைய எண் − 128, நேர்கோட்டுச் சமன்பாடு. 100 போட்டால் 72, 150 போட்டால் 172. முன்பு 50 ஆக இருந்த இடைவெளி 100 ஆகிவிட்டது, 128 மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சாய்வு கூடினால் கான்ட்ராஸ்ட் கூடும், வெட்டுத்துண்டு கூடினால் பிரைட்னஸ் கூடும். கோட்டை வரைபடத்தாளில் வரைந்து, மேலே 255-இலும் கீழே 0-விலும் வெட்டிவிடச் சொல்லுங்கள், துண்டுச் சார்பு கிடைத்துவிடும். 64-க்குக் கீழே இருந்ததெல்லாம் முழுக் கருப்பு ஆகிவிடுகிறது என்று அவர்களே கோட்டைப் பார்த்துச் சொல்வார்கள்.

இருட்டான படத்தை வெளுக்க விடாமல் பிரகாசமாக்க வழி உண்டா? உண்டு, வர்க்கமூலம். புதிய எண் = 255 × √(பழைய எண் ÷ 255). மனக்கணக்குக்கு 255-ஐ 256 என்று வைத்துக்கொண்டால் 16 × √பழைய எண், அவ்வளவுதான். 16 என்பது 64 ஆகிறது, 64 என்பது 128, 144 என்பது 192, 225 என்பது 240. இருட்டில் இருந்தவை நன்றாக மேலே வருகின்றன, வெளிச்சத்தில் இருந்தவை கொஞ்சமாக நகர்கின்றன, எதுவும் எல்லை தாண்டவில்லை. காமா திருத்தம் என்று மென்பொருள்களில் பார்ப்பது இதைத்தான், அங்கே ½ என்ற அடுக்குக்குப் பதிலாக வேறு அடுக்கும் கொடுக்கலாம்.

படி 4: சராசரியா, இடைநிலையா?

ஒரு படத்தில் தூசி விழுந்த மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. அதையும் அதைச் சுற்றியுள்ளவற்றையும் சேர்த்து 9 பிக்சல்கள்:

52 54 55
53 255 51
50 52 54

நடுவில் உள்ள 255-ஐ அகற்ற வேண்டும். பாதி வகுப்பு சராசரி எடுக்கட்டும், மீதிப் பேர் இடைநிலை அளவு எடுக்கட்டும். கூடுதல் 676, சராசரி சுமார் 75. ஏறுவரிசையில் எழுதினால் 50, 51, 52, 52, 53, 54, 54, 55, 255. நடு எண் 53. இடைநிலை போட்ட இடத்தில் புள்ளி இருந்த சுவடே இல்லை. சராசரி போட்ட இடத்தில் 75 என்ற ஒரு வெளிறிய கறை, அதுவும் பக்கத்துப் பிக்சல்களுக்குக் கணக்குப் போடும்போது அவற்றிலும் இந்த 255 நுழையும் என்பதால் கறை பரவவும் செய்கிறது. விலகி நிற்கும் ஒற்றை எண் சராசரியைத் தூக்கிவிடும், இடைநிலையை அசைக்காது என்பதை மாணவர்கள் இனி மறக்க மாட்டார்கள்.

இங்கேயே நிறுத்தாமல் ஒரு விளிம்பைக் கொடுங்கள்: 10, 10, 10, 200, 200, 200. மும்மூன்றாகச் சராசரி எடுத்தால் நடுவில் 73, 137 என்று சரிவு உருவாகிறது, படம் மங்குகிறது. இடைநிலை எடுத்தால் எண்கள் அப்படியே இருக்கின்றன, விளிம்பு கூர்மையாகவே நிற்கிறது. "அப்படியென்றால் எப்போதும் இடைநிலையே நல்லதா?" என்று யாராவது கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். வெள்ளைப் பின்னணியில் ஒரு பிக்சல் தடிமன் உள்ள கருப்புக் கோட்டைக் கொடுத்து அதே இடைநிலையைப் போடச் சொல்லுங்கள். 9 எண்களில் 3 மட்டும் கருப்பு, 6 வெள்ளை. கோடு காணாமல் போகும்.

படத்தின் ஓரத்தில் உள்ள பிக்சலுக்கு எட்டு அண்டை இல்லையே என்ற கேள்வியும் வரும். உள்ளதை வைத்துச் சராசரி எடுக்கலாம், ஓரத்து எண்ணையே வெளியிலும் திரும்ப எழுதிக்கொள்ளலாம், அல்லது ஓரத்தை அப்படியே விட்டுவிடலாம். மூன்றும் நடைமுறையில் உள்ளவைதான், எது ஏன் என்று அவர்கள் வாதிடட்டும்.

நிகழ்வுச் செவ்வகம் வரைவதையும் இந்த வகுப்பிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். இருட்டான படத்தில் செவ்வகங்கள் இடப்பக்கம் குவியும், 60 கூட்டினால் மொத்தமும் வலப்பக்கம் நகரும், கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் விரியும். படி 3-ஐப் புரிந்துகொண்டவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை.

படி 5: விளிம்பைக் கண்டுபிடிப்பது

பக்கத்துப் பிக்சலைக் கழித்துப் பாருங்கள். மேலே உள்ள 10, 10, 10, 200, 200, 200-இல் வித்தியாசங்கள் 0, 0, 190, 0, 0. மாற்றம் இல்லாத இடமெல்லாம் 0, பொருளின் ஓரம் மட்டும் 190. வகைக்கெழுவின் விதை இது. 11-ஆம் வகுப்பில் எல்லை என்ற கருத்தைத் தொடங்கும் முன் இதைக் காட்டினால், மாற்ற வீதம் என்ற சொல்லுக்கு ஒரு முகம் கிடைத்துவிடும்.

கிடையாக ஒரு வித்தியாசம், நெடுக்காக ஒரு வித்தியாசம் என்று இரண்டு எண்கள் கிடைத்தால் அவற்றை எப்படிச் சேர்ப்பது? கிடை 60, நெடுக்கு 80 என்றால் விளிம்பின் வலிமை 100. பிதாகரஸ் தேற்றம் முக்கோணமே இல்லாத ஒரு இடத்தில் வந்து நிற்கிறது. கோணம் வேண்டுமென்றால் டேன்ஜென்ட் 80/60, சுமார் 53 பாகை. 1968-இல் இர்வின் சோபல், கேரி ஃபெல்ட்மன் இருவரும் முன்வைத்த சோபல் முறையின் அடிப்படையும் இந்தக் கழித்தல்தான், கூடவே அண்டைப் பிக்சல்களுக்கு 1, 2, 1 என்று நிறை கொடுத்துக் கொஞ்சம் மழுக்கிக்கொள்கிறது.

படி 6: திருப்புதல், பெரிதாக்கல்

கட்டத்தாளுக்குத் திரும்புங்கள். எதிரொளிப்பு, சுழற்சி, நிரை நிரல் மாற்று என்று மூன்றையும் "ட"-வை வைத்தே செய்யலாமே என்று தோன்றும். வேண்டாம். இரண்டு கைகளும் சம நீளமுள்ள "ட"-வுக்கு மூலைவிட்டத்தில் ஒரு சமச்சீர் ஒளிந்திருக்கிறது. நிரை நிரல் மாற்றினாலும் 180 பாகை சுழற்றினாலும் ஒரே படம்தான் வரும், எதைச் செய்தோம் என்றே தெரியாது. கீழ்க் கையை 3 கட்டமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். நிரை நிரல் மாற்றிவிட்டு இடம் வலம் திருப்பினால் 90 பாகை வலஞ்சுழி சுழற்சி கிடைக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். வரிசையை மாற்றினால், அதாவது முதலில் இடம் வலம், பிறகு நிரை நிரல் என்று செய்தால், சுழற்சி எதிர்த்திசைக்குப் போய்விடும். அணிப் பெருக்கலில் வரிசை ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்லும்போது இதை நினைவுபடுத்தலாம். இன்னொன்று, படங்களில் நெடுக்கு அச்சு பெரும்பாலும் மேலிருந்து கீழே எண்ணப்படும். வரைபடத்தாளில் பழகியதற்கு நேர் எதிர், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெரிதாக்கலில் ஒரு நல்ல சிக்கல் இருக்கிறது. எல்லா ஆயத்தொலைகளையும் 2-ஆல் பெருக்கினால் பிக்சல்கள் விலகிப்போய்ப் புதிய படத்தின் கால் பங்கு இடம்தான் நிரம்பும், முக்கால் பங்கு ஓட்டை. நீளம் 2 மடங்கு என்றால் பரப்பு 4 மடங்கு என்பது ஓட்டைகளாகக் கண்முன் கிடக்கும். தீர்வு, கேள்வியைத் திருப்பிப்போடுவது: பழைய பிக்சல் எங்கே போகும் என்று கேட்காமல், புதிய இடம் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்திருக்கும் என்று 2-ஆல் வகுத்துப் பார்ப்பது. வகுத்தால் சில நேரம் பின்னம் வரும். 100-க்கும் 180-க்கும் நடுவில் கால் பங்கு தூரத்தில் என்ன எண் என்று கேட்டால் பிரிவுச் சூத்திரம் 120 என்று சொல்லும்.

படி 7: கலர்

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். கலரைச் சாம்பலாக்க மூன்று எண்களின் சராசரி போதும் என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். சுத்தமான பச்சையும் (0, 255, 0) சுத்தமான நீலமும் (0, 0, 255) அப்படிப் பார்த்தால் ஒரே 85. திரையில் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள், பச்சை எவ்வளவோ பிரகாசமாகத் தெரியும். அதனால்தான் 0.299 சிவப்பு, 0.587 பச்சை, 0.114 நீலம் என்று நிறை கொடுக்கிறார்கள். மூன்றையும் கூட்டினால் 1, அது ஏன் 1 ஆக இருக்க வேண்டும் என்று வெள்ளைப் பிக்சலைப் போட்டுப் பார்த்துச் சொல்லட்டும். இப்போது பச்சை 150, நீலம் 29. 1976-இல் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற கேமரா வடிகட்டியிலும் பாதிக் கட்டங்கள் பச்சைக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

கம்ப்யூட்டரில் சரிபார்க்கும்போது

தாளில் போட்ட விடையும் திரையில் வரும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் மாணவர் மேல் சந்தேகப்படும் முன் இரண்டைப் பாருங்கள். படம் ஜேபெக் கோப்பாக இருந்தால், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறும், இடத்தை மிச்சப்படுத்த அது தகவலை இழக்கிறது. பிஎன்ஜி கோப்பு மாற்றாது. இரண்டாவது, எடிட்டிங் மென்பொருள்களின் பிரைட்னஸ் கருவி பல நேரம் வெறும் கூட்டல் அல்ல, வெள்ளை வெளுக்காமல் இருக்க உள்ளே வேறு சூத்திரம் வைத்திருப்பார்கள். ஆகவே எண்ணைச் சரிபார்க்க ஸ்ப்ரெட்ஷீட், கண்ணுக்குக் காட்ட ஜிம்ப். பைத்தான் தெரிந்தவர்கள் பில்லோ, நம்பை நூலகங்களை எடுத்துக்கொள்ளலாம். நம்பையில் 8 பிட் எண்களைக் கூட்டினால் படி 3-இல் சொன்ன கடிகாரக் கணக்கு தானாகவே நடந்துவிடும், மாணவர்கள் அதைக் கண்டுபிடிக்க விடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள்: பிள்ளைகளின் முகம் உள்ள போட்டோக்களை வகுப்பில் திருத்தப் பயன்படுத்தாதீர்கள். மங்கலாக்குவதும் நெளிப்பதும் கேலியில் போய் முடியும். இலை, கட்டடம், அவர்கள் வரைந்த ஓவியம் போதும்.

எப்படி மதிப்பிடுவது?

சூத்திரத்தைக் கொடுத்து விடை கேட்பதைவிட, விடையைக் கொடுத்துச் சூத்திரம் கேளுங்கள். ஒரு படத்தில் 40 இருந்த இடமெல்லாம் 100 ஆகிவிட்டது, 90 இருந்த இடமெல்லாம் 200 ஆகிவிட்டது, என்ன செய்திருப்பார்கள்? இரண்டு புள்ளிகள் வழியே நேர்கோடு: சாய்வு 2, வெட்டுத்துண்டு 20. பிறகு அடுத்த கேள்வி, 120 இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கும்? 260 என்று எழுதுகிறவர் சமன்பாட்டைத் தெரிந்துகொண்டிருக்கிறார், 255 என்று எழுதுகிறவர் படத்தையும் தெரிந்துகொண்டிருக்கிறார். கடைசியாக, இப்போது 255 இருக்கும் ஒரு பிக்சலில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். 117.5 என்று எழுதினால் பாதி மதிப்பெண்கூட வேண்டாம், 118-லிருந்து 255 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம் என்று எழுதினால் முழு மதிப்பெண்.